ஹூ, விச், தட், ஹூஸ்: ஆங்கிலத் தொடர்களை ரஷ்ய மொழியில் எழுதுவது எப்படி?

ஆங்கிலத்திலிருந்து ரஷ்ய மொழிக்கு மொழிபெயர்க்கத் தொடங்குகிற எவரும் முதலில் மாட்டிக்கொள்வது "தி புக் தட் ஐ ரெட்", "தி மேன் ஹூ கேம்" மாதிரியான தொடர்களில்தான். பாடநூல்களில் பெரும்பாலும் ஒரே வரியில் விதியைச் சொல்லி முடித்துவிடுகிறார்கள்: "கத்தோரி என்ற சொல்லைப் போடு, பால், எண், வேற்றுமை பார்த்து மாற்று." அந்த ஒரு வரிக்குள் எத்தனை பள்ளங்கள் இருக்கின்றன என்பது எழுதிப் பார்க்கும்போதுதான் தெரிகிறது. தமிழ் வழியே யோசிப்பவர்களுக்கு எங்கே வசதி, எங்கே ஆபத்து என்று சொல்லும் விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை. நிறையத் திண்டாடித்தான் ஒரு வரிசை பிடிபட்டது. உங்களுக்கு அந்தத் திண்டாட்டம் வேண்டாம் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

ரஷ்யச் சொற்களைக் காதில் விழுகிறபடி தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். "ச்சி", "ச்செ" என்று வந்தால் "பச்சை"யில் கேட்கும் சகரம். எழுதும்போது சிரிலிக் எழுத்தை அகராதியில் பார்த்துக்கொள்ளுங்கள். ஒலி வேறு, எழுத்து வேறு. "கத்தோரி"யின் முதல் உயிர் எழுத்தில் ஒகரம். அழுத்தம் அதன்மேல் விழாததால் காதில் அகரமாகக் கேட்கிறது.

தொடங்கும் முன்: கையில் என்ன வேண்டும்?

பெரிய செலவு எதுவும் இல்லை. மூன்று பொருள் போதும்.

ஒன்று, பெயர்ச்சொல்லின் பாலையும், வினைச்சொல் எந்த வேற்றுமையைக் கேட்கிறது என்பதையும் காட்டும் அகராதி. பொருள் மட்டும் சொல்லும் அகராதி இந்த வேலைக்கு உதவாது. வாங்கும் முன் "உதவு" என்பதற்கான ரஷ்யச் சொல்லைத் தேடிப் பாருங்கள். பக்கத்தில் "யாருக்கு" என்று வேற்றுமைக் குறிப்பு இருந்தால் வாங்கலாம்.

இரண்டு, ரஷ்ய மொழியின் தேசியத் தொகுப்பு, அதாவது சொல்லைக் கொடுத்தால் அது வரும் வாக்கியங்களைத் தேடித் தரும் நூல் திரட்டு. 2004 முதல் இணையத்தில் இருக்கிறது, இலவசம். அதில் ஆங்கிலமும் ரஷ்யமும் அருகருகே வரும் இணைப் பகுதி ஒன்று உண்டு. உங்கள் ஆங்கிலத் தொடரை அங்கே தேடினால், அச்சில் வந்த நூல்களில் மொழிபெயர்ப்பாளர்கள் அதை எப்படிக் கையாண்டார்கள் என்று பார்க்கலாம்.

மூன்று, "கத்தோரி"யின் வடிவப் பட்டியல், உங்கள் கையால் எழுதியது. அச்சுப் பட்டியல் வேண்டாம். எழுதும்போதுதான் எந்த இரண்டு வடிவங்கள் ஒரே மாதிரி இருக்கின்றன என்று கண்ணில் படும்.

நேரத்தைப் பொறுத்தவரை, பட்டியலை ஓர் உட்காரலில் படித்துவிடலாம். வினைகளின் வேற்றுமைதான் மாதக்கணக்கில் இழுக்கும். ஆகவே பட்டியல் மனப்பாடம் ஆகும்வரை காத்திருக்காமல், முதல் நாளே வாக்கியங்களில் இறங்கிவிடுங்கள்.

1. வாக்கியத்தை இரண்டாக உடையுங்கள்

ஆங்கிலத் தொடரை அப்படியே ரஷ்ய மொழிக்குத் தூக்கிப்போகாதீர்கள். தமிழிலும் உடனே யோசிக்காதீர்கள். காரணம் இருக்கிறது. "நான் படித்த புத்தகம்", "நான் வாழும் வீடு", "நான் உதவிய நண்பர்", இந்த மூன்றிலும் தமிழ் பெயரெச்சத்தைப் போட்டு வேற்றுமையை மறைத்துவிடுகிறது. புத்தகத்தை, வீட்டில், நண்பருக்கு என்ற ஐ, இல், கு எதுவும் வெளியே தெரிவதில்லை. ரஷ்ய மொழி கேட்பது அந்த மறைந்த உருபைத்தான்.

அதனால் முதலில் உடையுங்கள். "தி புக் ஐ ரெட் வாஸ் லாங்" என்றால்: புத்தகம் நீளமாக இருந்தது. நான் அந்தப் புத்தகத்தைப் படித்தேன். இப்போது "ஐ" வெளியே வந்துவிட்டது. இந்த இரண்டு வாக்கியங்களையும் தாளில் எழுதிவிட்டுத்தான் அடுத்த படிக்குப் போக வேண்டும்.

இன்னொன்று. ஆங்கிலத்தில் "தட்" மறைந்து போகலாம்: "தி புக் ஐ ரெட்". ரஷ்ய மொழியில் "கத்தோரி"யை விட முடியாது. ஆங்கிலத்தில் கண்ணில் படாத சொல்லையும் தேடி எடுத்துப் போட வேண்டும். இரண்டு பெயர்ச்சொற்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்று உடனே வினை வந்தால் ("தி லெட்டர் மை சிஸ்டர் ரோட்"), அங்கே ஒரு "தட்" ஒளிந்திருக்கிறது என்று பொருள்.

2. பாலும் எண்ணும் வெளியிலிருந்து

எந்தப் பெயரைப் பற்றிப் பேசுகிறோமோ, அதன் பாலும் எண்ணும்தான் "கத்தோரி"க்கு வரும். ஆள் என்றால் ஹூ, பொருள் என்றால் விச் என்ற ஆங்கில வேறுபாட்டுக்கு இங்கே வேலை இல்லை. மனிதருக்கும் மேசைக்கும் ஒரே சொல்தான்.

ச்செலவேக், கத்தோரி ப்ரிஷோல்: வந்த மனிதர். ஆண்பால்.
க்னீகா, கத்தோரயா லிஜீத் ந ஸ்தல்யே: மேசையில் இருக்கும் புத்தகம். பெண்பால்.
பிஸ்மோ, கத்தோரயெ ப்ரிஷ்லோ: வந்த கடிதம். நடுப்பால்.

தமிழில் பால் என்பது பொருளைப் பார்த்துச் சொல்வது. ரஷ்ய மொழியில் பெரும்பாலும் சொல்லின் கடைசி எழுத்துதான் தீர்மானிக்கும். மெய்யில் முடிந்தால் ஆண், ஆ அல்லது யாவில் முடிந்தால் பெண், ஒ அல்லது எயில் முடிந்தால் நடு. இதில் வழுக்கும் இடங்கள் மூன்று. முஷ்ச்சீனா (ஆண்மகன்) ஆவில் முடிந்தாலும் ஆண்பால்தான். ஈம்யா (பெயர்), வ்ரேம்யா (நேரம்) போல "ம்யா"வில் முடியும் பத்துச் சொற்கள் நடுப்பால். மென்மைக்குறியில் (முன்னால் நிற்கும் மெய்யை மென்மையாக்கும் எழுத்து) முடியும் சொற்கள் ஆணாகவும் இருக்கலாம், பெண்ணாகவும் இருக்கலாம்; அகராதியைப் பார்த்தே ஆக வேண்டும்.

3. வேற்றுமை உள்ளிருந்து

மொத்தக் கட்டுரையில் இந்த இடத்துக்குத்தான் அதிக நேரம் கொடுக்கச் சொல்வேன். பாலும் எண்ணும் வெளியே நிற்கும் பெயரிடமிருந்து வருகின்றன. வேற்றுமை மட்டும் உள்ளே இருக்கும் வினையிடமிருந்து வருகிறது. இரண்டையும் ஒரே மூச்சில் தீர்மானிக்கப் பார்ப்பதால்தான் பிழை வருகிறது. இரண்டு தனிக் கேள்விகளாகக் கேளுங்கள், முதல் கேள்விக்கு விடை எழுதிவிட்டு இரண்டாவதற்கு வாருங்கள்.

நீங்கள் கையால் எழுத வேண்டிய பட்டியல் இது.

எழுவாய்: கத்தோரி (ஆண்), கத்தோரயா (பெண்), கத்தோரயெ (நடு), கத்தோரியெ (பன்மை).
உடைமை: கத்தோரவா (ஆண், நடு), கத்தோரய் (பெண்), கத்தோரிஹ் (பன்மை).
கு வேற்றுமை: கத்தோரமு, கத்தோரய், கத்தோரிம்.
ஐ வேற்றுமை: பெண்பாலுக்கு கத்தோருயு, நடுப்பாலுக்கு கத்தோரயெ. மற்றவற்றைக் கீழே சொல்கிறேன்.
ஆல் வேற்றுமை: கத்தோரிம், கத்தோரய், கத்தோரிமி.
முன்னிடைச்சொல் (ஆங்கில "இன்", "அபவுட்" போன்றவை) வேற்றுமை: கத்தோரம், கத்தோரய், கத்தோரிஹ்.

"கத்தோரவா" என்று கேட்பதை எழுதும்போது வகர எழுத்து போடக் கூடாது. ககரத்துக்கான எழுத்துதான் அங்கே வரும். பெண்பாலில் நான்கு வேற்றுமைக்கும் "கத்தோரய்" ஒன்றே என்பதையும் கவனியுங்கள். பெண்பால் பெயர் வந்தால் பாதிக் கவலை குறைந்தது.

இப்போது உடைத்த வாக்கியத்துக்குத் திரும்புங்கள். "நான் அந்தப் புத்தகத்தைப் படித்தேன்". ஐ இருக்கிறது. புத்தகம் பெண்பால். விடை: க்னீகா, கத்தோருயு யா ப்ரச்சித்தால். வெளியே இருக்கும் "புத்தகம்" எழுவாயாக இருந்தாலும் "கத்தோருயு" ஐ வேற்றுமையில் நிற்கிறது. அது சரிதான், பயப்பட வேண்டாம்.

தமிழின் ஐ, கு, ஆல் பெரும்பாலும் உங்களைச் சரியான இடத்தில் கொண்டுவிடும். "நண்பருக்கு உதவினேன்" என்று கு போடுகிறோம், ரஷ்யர்களும் அப்படியே: த்ரூக், கத்தோரமு யா பமோக். ஆங்கிலம் வழியே மட்டும் யோசிப்பவருக்கு இது கிடைக்காது. ஆனால் சில வினைகளில் தமிழும் கைவிடும்.

பயன்படுத்து என்பதற்குத் தமிழில் ஐ, ரஷ்ய மொழியில் ஆல். நான் பயன்படுத்தும் அகராதி: ஸ்லவார், கத்தோரிம் யா போல்ஸுயுஸ். தலைமை தாங்கு, ஈடுபடு, ஆர்வம் கொள் ஆகியவையும் ஆல் கேட்கும்.

பயப்படு என்பதற்கு உடைமை வேற்றுமை.

தொலைபேசியில் அழை என்பது கு கேட்கும்: ச்செலவேக், கத்தோரமு யா ஸ்வனீல். "அவரை அழைத்தேன்" என்று யோசித்தால் தவறும். "அவருக்குப் போன் பண்ணினேன்" என்று யோசித்தால் தானாகச் சரியாகிவிடும். இப்படித் தமிழில் எந்தச் சொல்லை எடுத்தால் ரஷ்ய வேற்றுமையோடு ஒத்துப்போகிறதோ அதைக் குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். ஒவ்வொரு வினையோடும் "அவரை", "அவருக்கு", "அவரால்" என்று ஒரு சொல் சேர்த்தே எழுதுங்கள். இந்தக் குறிப்பேடு ஒரு வருடத்தில் எந்த அகராதியையும்விட உங்களுக்கு அதிகம் உதவும்.

உயிருள்ளவையும் உயிரற்றவையும்

ஐ வேற்றுமையில் ஆண்பால் ஒருமைக்கும், எல்லாப் பன்மைக்கும் ஒரு பிரிவு உண்டு. உயிரற்றது என்றால் எழுவாய் வடிவமே வரும். உயிருள்ளது என்றால் உடைமை வடிவம் வரும்.

தோம், கத்தோரி யா வீதெல்: நான் பார்த்த வீடு.
ச்செலவேக், கத்தோரவா யா வீதெல்: நான் பார்த்த மனிதர்.

உயர்திணை, அஃறிணை என்று நமக்குப் பழகிய பிரிவை இங்கே அப்படியே போட்டால் விலங்குகளில் சறுக்கும். நமக்கு நாய் அஃறிணை. ரஷ்ய இலக்கணத்துக்கு நாய், மாடு, பறவை எல்லாம் மனிதரோடு சேர்ந்த கூட்டம். நான் பார்த்த நாய்கள்: சபாகி, கத்தோரிஹ் யா வீதெல். நான் பார்த்த புத்தகங்கள் என்றால் கத்தோரியெ.

4. முன்னிடைச்சொல்லை முன்னால் கொண்டுவாருங்கள்

ஆங்கிலம் "இன்", "டு", "அபவுட்" ஆகியவற்றைக் கடைசியில் தொங்கவிடும்: "தி ஹவுஸ் ஐ லிவ் இன்". ரஷ்ய மொழியில் அவை "கத்தோரி"க்கு முன்னால்தான் நிற்கும், வேறு இடமே கிடையாது.

தோம், ஃப் கத்தோரம் யா ஜிவூ: நான் வாழும் வீடு.
ச்செலவேக், ஸ் கத்தோரிம் வி கவரீலி: நீங்கள் பேசிக்கொண்டிருந்த மனிதர்.
ஃபில்ம், அ கத்தோரம் வி ரஸ்காஸிவலி: நீங்கள் சொன்ன படம், அதாவது நீங்கள் எதைப் பற்றிச் சொன்னீர்களோ அந்தப் படம்.

எந்த முன்னிடைச்சொல் என்பதை ஆங்கிலத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். வெளியே நிற்கும் ரஷ்யப் பெயர் எதனோடு பழகியதோ அதுவே வரும். தொழிற்சாலைக்கு "ந" வரும்: ஸவோத், ந கத்தோரம் ஓன் ரபோத்தயெத், அவர் வேலை செய்யும் தொழிற்சாலை. ஆங்கிலத்தில் "இன்" என்று இருந்தாலும் இங்கே "ந"தான்.

இடத்தைச் சொல்லும்போது "க்த்யே" (எங்கே) போட்டுச் சுருக்கலாம்: தோம், க்த்யே யா ஜிவூ. பேச்சில் இதுதான் இயல்பு. ஆனால் ஆங்கில "வேர்" மூன்று வேலை செய்கிறது, ரஷ்ய மொழியில் அதற்கு மூன்று சொற்கள். இருக்கும் இடம் க்த்யே, போகும் இடம் குதா, வந்த இடம் அத்குதா. நமக்கும் எங்கே, எங்கிருந்து என்று தனித்தனியாக இருப்பதால் இது சீக்கிரம் பழகிவிடும். நாம் போகும் ஊர்: கோரத், குதா மி யேதெம்.

"தி டே வென்" என்பதற்கு தேன், கக்தா. "தி ரீசன் வை" மட்டும் பொறி. "வை" என்பதற்கு பச்சிமூ என்று அகராதி சொல்லும், அதைப் போட்டுவிடாதீர்கள். ப்ரிச்சீனா, ப கத்தோரய் என்றுதான் எழுத வேண்டும். "தி வே ஹி ஸ்பீக்ஸ்" என்பதில் "வே" என்ற சொல்லை மொழிபெயர்க்கவே வேண்டாம். எனக்கு அவர் பேசும் விதம் பிடிக்கும்: ம்ன்யே ந்ராவித்ஸா, கக் ஓன் கவரீத்.

5. ஹூஸ் வந்தால் வரிசை மாறும்

"தி ஸ்டூடண்ட் ஹூஸ் நேம்" என்பதில் ஹூஸ் முதலில், பெயர் பிறகு. ரஷ்ய மொழியில் தலைகீழ்: ஸ்துதேன்த், ஈம்யா கத்தோரவா. உடைமைப் பொருள் முன்னால், "கத்தோரவா" பின்னால். மாணவி என்றால் ஸ்துதேன்த்கா, ஈம்யா கத்தோரய். பால் மாணவரைப் பொறுத்தது, "ஈம்யா"வின் பாலைப் பொறுத்தது அல்ல.

முன்னிடைச்சொல் சேர்ந்தால் எல்லாவற்றுக்கும் முன்னால் அது நிற்கும்: ஸ்துதேன்த், ஸ் அத்ஸோம் கத்தோரவா யா கவரீல், எந்த மாணவரின் அப்பாவோடு பேசினேனோ அந்த மாணவர்.

"ச்செய்" என்று நேரடியாகவே ஒரு சொல் இருக்கிறது. ஸ்துதேன்த், ச்சியோ ஈம்யா என்று ஆங்கில வரிசையிலேயே எழுதலாம், ஆனால் அது உடைமைப் பொருளின் பாலை ஏற்கும். கொஞ்சம் இலக்கிய நடை. தொடக்கத்தில் "கத்தோரவா"வோடு நின்றுவிடுங்கள், இரண்டு விதியும் சேர்ந்தால் குழம்பும்.

6. கத்தோரி வரக் கூடாத இடங்கள்

எங்கே பார்த்தாலும் கத்தோரி போடுவது புதிதாக வருபவர்களின் எழுத்தை உடனே காட்டிக்கொடுக்கும்.

வெளியே பெயர்ச்சொல்லே இல்லாதபோது. "வாட் யூ செட்", நீங்கள் சொன்னது: தோ, ஷ்தோ வி ஸ்கஸாலி. இதில் "தோ" வேற்றுமை ஏற்கும். நீங்கள் செய்ததில் எனக்குத் திருப்தி: யா தவோலென் த்யெம், ஷ்தோ வி ஸ்தேலலி. "எது நடந்ததோ அது", "யார் வந்தாரோ அவர்" என்று தமிழில் ஓகாரம் போட்டுச் சொல்லிப் பாருங்கள். அந்தச் சட்டத்தில் இயல்பாகப் பொருந்தினால் பெரும்பாலும் தோ, ஷ்தோ அல்லது தோத், க்தோதான் வேண்டும். யாரெல்லாம் அறிவார்களோ அவர்கள்: த்யே, க்தோ ஸ்னாயெத். பன்மைதானே என்று வினையைப் பன்மையாக்க வேண்டாம். "க்தோ"வுக்கு ஒருமை ஆண்பால் வினைதான் பொதுவாக வரும். "வந்தவர்கள் எல்லாரும்" என்பதும் ஃப்ஸ்யே, க்தோ ப்ரிஷோல்.

"எவரிதிங் தட்" என்பது ஃப்ஸ்யோ, ஷ்தோ. ஃப்ஸ்யோ (எல்லாம்), ஃப்ஸ்யே (எல்லாரும்) இரண்டுக்கும் எழுத்தில் இரண்டு புள்ளிகள்தான் வித்தியாசம். அச்சில் பெரும்பாலும் அந்தப் புள்ளிகளைப் போட மாட்டார்கள். பின்னால் ஷ்தோ வந்தால் எல்லாம், க்தோ வந்தால் எல்லாரும் என்று படித்துக்கொள்ளுங்கள். நீங்கள் எழுதும்போது புள்ளியைப் போட்டுவிடுவது நல்லது.

முழு வாக்கியத்தையும் சுட்டும் விச். "அவர் தாமதமாக வந்தார், அது எல்லாரையும் வியக்கவைத்தது" என்பதை ஆங்கிலம் "விச் சர்ப்ரைஸ்டு எவரிஒன்" என்று ஒட்டும். இங்கே விச் எந்தப் பெயரையும் சுட்டவில்லை. ஓன் அபஸ்தால், ஷ்தோ ஃப்ஸேஹ் உதிவீலா. கத்தோரி போட்டால் படிப்பவர் அது சுட்டும் பெயரைத் தேடிக்கொண்டிருப்பார். "ஆஃப்டர் விச்" போஸ்லி ச்செவோ, "அஸ் எ ரிசல்ட் ஆஃப் விச்" வ் ரிஸுல்தாத்தெ ச்செவோ. இவற்றை அப்படியே மனப்பாடம் செய்துகொள்ளலாம்.

"இட் வாஸ் ஷீ ஹூ கால்டு". இதைச் சொல்லுக்குச் சொல் மாற்றினால் ரஷ்ய மொழியில் நிற்காது. தமிழில் "அவள்தான் போன் பண்ணினாள்" என்போமே, அதே வேலையை "ஈமென்னா" செய்கிறது: ஈமென்னா அனா பஸ்வனீலா. நம் "தான்" எங்கே வருகிறதோ அங்கே ஈமென்னா, அவ்வளவுதான்.

7. காற்புள்ளி, எப்போதும்

ஆங்கிலத்தில் காற்புள்ளி இருந்தால் ஒரு பொருள், இல்லாவிட்டால் ஒரு பொருள். ரஷ்ய மொழியில் கத்தோரி தொடருக்கு இரண்டு பக்கமும் காற்புள்ளி கட்டாயம். முன்னிடைச்சொல் இருந்தால் காற்புள்ளி அதற்கும் முன்னால் விழும். ஹூஸ் தொடரில் உடைமைப் பொருளுக்கும் முன்னால். இறுதிக் காற்புள்ளியைத்தான் பலரும் மறப்பார்கள், தொடர் முடிந்து முதல் வாக்கியம் மீண்டும் தொடங்கும் இடத்தைத் தேடிப் போடுங்கள்.

இதனால் ஒரு நஷ்டம் உண்டு. "தேர்ச்சி பெற்ற மாணவர்களுக்கு மட்டும் சான்றிதழ்" என்பதும், "மாணவர்கள் எல்லாரும் தேர்ச்சி பெற்றார்கள், அவர்களுக்குச் சான்றிதழ்" என்பதும் ரஷ்ய மொழியில் ஒரே மாதிரி தெரியும். வேறுபாடு முக்கியம் என்றால், "மட்டும்" என்ற பொருளுக்கு முன்னால் த்யே சேருங்கள்: த்யே ஸ்துதேன்தி, கத்தோரியெ. கூடுதல் தகவல் என்றால் இரண்டு வாக்கியமாக வெட்டிவிடுவதே மேல்.

8. ரஷ்யப் பெயரெச்சம்: ஆசைப்படும் முன்

ரஷ்ய மொழியிலும் பெயரெச்சம் போன்ற வடிவங்கள் உண்டு. வாசிக்கும் என்பதற்கு ச்சித்தாயுஷ்ஷி, வாசித்த என்பதற்கு ச்சித்தாஃப்ஷி, வாசிக்கப்பட்ட என்பதற்கு ப்ரச்சீத்தன்னி. நம் மொழிக்கு நெருக்கமாகத் தெரிவதால் தமிழர்கள் இதில் தாவிக் குதிப்பார்கள். நான்கு எச்சரிக்கை.

தமிழ்ப் பெயரெச்சம் எந்த வேற்றுமையையும் விழுங்கும். ரஷ்யப் பெயரெச்சம் இரண்டு இடத்தில்தான் வரும்: கத்தோரி எழுவாயாக இருக்கும்போதும், நேரடிச் செயப்படுபொருளாக இருக்கும்போதும். நான் வாழும் வீடு, நான் உதவிய நண்பர், நான் பேசிக்கொண்டிருந்த மனிதர் ஆகியவற்றுக்கு வழியே இல்லை. கத்தோரிதான்.

எதிர்காலத்துக்கும் கிடையாது. நாளை வரும் கடிதம் என்றால் பிஸ்மோ, கத்தோரயெ ப்ரித்யோத்.

வேற்றுமை இப்போது வெளியிலிருந்து வரும். வாசிக்கும் மாணவருக்கு: ஸ்துதேன்து, ச்சித்தாயுஷ்ஷெமு. அதையே கத்தோரியில் சொன்னால்: ஸ்துதேன்து, கத்தோரி ச்சித்தாயெத். ஒன்றில் கு, மற்றதில் எழுவாய். மூன்றாம் படியில் பழகியதை இங்கே தலைகீழாகத் திருப்ப வேண்டும் என்பதால், கத்தோரி கைக்கு வரும்வரை இதைத் தள்ளிப்போடச் சொல்கிறேன்.

பேச்சில் இவை புத்தக வாசம் அடிக்கும். உரையாடலை மொழிபெயர்த்தால் கத்தோரியே போதும். அறிக்கை, சட்டம், ஆய்வுரை என்றால் பெயரெச்சம் நன்றாக உட்காரும், ஒரே வாக்கியத்தில் மூன்று கத்தோரி சேர்ந்துவிடாமலும் காப்பாற்றும். தொடர் பெயருக்குப் பின்னால் வந்தால் காற்புள்ளி உண்டு, முன்னால் வந்தால் பொதுவாக இல்லை.

9. ஆவணங்களில் வரும் தொடர்கள்

சான்றிதழ், கடிதம் மொழிபெயர்ப்பவர்களுக்கு இது. இங்கே சொந்தமாக வாக்கியம் கட்டாதீர்கள், ரஷ்ய அலுவலகங்களில் பழகிய சொல்லையே போடுங்கள்.

"டு ஹூம் இட் மே கன்சர்ன்" என்பதைச் சொல்லுக்குச் சொல் மாற்றினால் படிப்பவருக்கு விநோதமாக இருக்கும். சான்றிதழ் என்றால் த்ல்யா ப்ரெத்யவ்லேனியா ப ம்யேஸ்து த்ரேபவானியா, அதாவது கேட்கும் இடத்தில் காட்டுவதற்கு. பொதுக் கடிதம் என்றால் "சம்பந்தப்பட்ட எல்லாருக்கும்" என்ற பொருளில் எழுதலாம். "கீழே கையெழுத்திட்டவர்" என்பதற்கு நிஜெபத்பிஸாஃப்ஷிஸ்யா என்ற ஒரே சொல் இருக்கிறது. "மேலே குறிப்பிடப்பட்ட" என்பதற்கு விஷெஉகாஸன்னி.

ரஷ்யாவில் நோட்டரி சான்றோடு கொடுக்க வேண்டிய மொழிபெயர்ப்பு என்றால் ஒரு நடைமுறையைத் தெரிந்துகொள்ளுங்கள். நோட்டரிக்கு அந்த மொழி தெரியாவிட்டால், அவர் சான்றளிப்பது மொழிபெயர்ப்பாளரின் கையெழுத்துக்கு. வாக்கியம் சரியா என்பதற்கு அல்ல. ஆகவே கத்தோரி தவறாக இருந்தாலும் முத்திரை விழுந்துவிடும். மொழிபெயர்ப்பை ஆவணத்தோடு சேர்த்துத் தைத்துவிடுவார்கள், அதற்குப் பிறகு திருத்த வேண்டுமென்றால் முதலிலிருந்து செய்ய வேண்டும். மொழிபெயர்ப்புக் கூலியும் நோட்டரி கட்டணமும் தனித்தனி, இரண்டையும் முன்பே கேட்டுவிடுங்கள். கூலியைப் பெரும்பாலும் பக்கக் கணக்கில் சொல்வார்கள். அங்கே ஒரு பக்கம் என்பது இடைவெளியும் சேர்த்து 1800 எழுத்து. தாளில் எத்தனை பக்கம் என்று எண்ணி மதிப்பிடாதீர்கள். பெயர்களின் எழுத்துக்கூட்டலை மற்ற ரஷ்ய ஆவணங்களோடு ஒப்பிடுவதும் தைப்பதற்கு முன் செய்ய வேண்டிய வேலைதான்.

10. ஒரு வாக்கியத்தை முழுதாகப் பார்ப்போம்

"விண்ணப்பதாரர், யாருடைய ஆவணங்கள் திங்கட்கிழமை கிடைத்தனவோ, யாருக்கு நாங்கள் கடிதம் அனுப்பினோமோ, அவர் பதில் தரவில்லை, அது எங்களுக்குக் கவலை தருகிறது." ஆங்கிலத்தில் ஒரு ஹூஸ், ஒரு டு ஹூம், ஒரு விச்.

வெளிப் பெயர் ஸயவீத்தெல், ஆண்பால் ஒருமை. முதல் தொடர் உடைமை: தகுமேன்தி கத்தோரவா மி பலுச்சீலி ஃப் பனிதேல்னிக். இரண்டாவது கு: கத்தோரமு அத்ப்ராவிலி பிஸ்மோ. ஒரே பெயரைச் சுட்டும் இரண்டு தொடரும் "இ" (உம்) என்ற ஒற்றைச் சொல்லால் இணைவதால் நடுவில் காற்புள்ளி இல்லை. தொடர் முடிந்ததும் காற்புள்ளி, பிறகு நி அத்வேத்தில்.

கடைசி விச்சுக்கு ஆறாம் படியைப் பார்த்து "ஷ்தோ" போடத் தோன்றும். இங்கே வேண்டாம். "பதில் தரவில்லை" என்ற வினைக்குப் பின்னால் ஷ்தோ வந்தால், "எங்களுக்கு எது கவலை தருகிறது என்று அவர் பதில் தரவில்லை" என்று படிக்க இடமாகிவிடும். சொல், கேள், பதிலளி, எழுது, தெரி போன்ற வினைகளுக்குப் பின்னால் எல்லாம் இதே ஆபத்து. இ எத்தா (அதுவும்) என்று பிரித்துவிடுங்கள்:

ஸயவீத்தெல், தகுமேன்தி கத்தோரவா மி பலுச்சீலி ஃப் பனிதேல்னிக் இ கத்தோரமு அத்ப்ராவிலி பிஸ்மோ, நி அத்வேத்தில், இ எத்தா நாஸ் பெஸ்பகோயித்.

எழுதி முடித்த பிறகு இன்னொரு சோதனையும் செய்யுங்கள். ஒவ்வொரு கத்தோரிக்கும் முன்னால் நிற்கும் பெயர்களைப் பாருங்கள். படிப்பவர் மிக அருகிலுள்ள பெயரோடுதான் அதை இணைப்பார். "நண்பனின் தங்கை, அவள் ஊரில் இருக்கிறாள்" என்றால் கத்தோரயா என்ற பெண்பால் வடிவமே வழிகாட்டிவிடும். "நண்பனின் தம்பி" என்றால் இரண்டும் ஆண்பால், ப்ராத் த்ரூகா, கத்தோரி என்பதில் யார் என்று தெரியாது. அப்போது வேற்றுமையை மாற்றிப் பயன் இல்லை, வாக்கியத்தை இரண்டாக வெட்டி அவரவர் பெயரைப் போட்டு எழுதுங்கள்.